மொறிஸ் மைனரும் அதன் உடையோரும்

1948 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இலண்டன் ஏள்ஸ் கோட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியிலே மொறிஸ் மைனர் என்னும் சிறு வண்டி முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். உற்பத்தி தொடங்குந் தறுவாயில், வண்டி ஒடுக்கமாயிருக்கின்றதெனக் கருதிய அவர், மாதிரி வண்டியை நெடுக்காக இரு கூறாய் அறுப்பித்து, இடையே நான்கங்குல அகலஞ் சேர்ப்பித்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அவ்வறுவையின் தழும்பேயாம். ஆகவே, மொறிஸ் மைனரில் மாற்றஞ் செய்தோருள் முதல்வர் அதனை ஆக்கியவரே எனலாம். நிறுவனத்தின் தலைவரான நபீல்ட் பிரபு அதன் உருவத்தைக் கண்டு, வெந்நீரில் உடைத்து வேகவைத்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஆயினும் 1971 இல் உற்பத்தி முற்றாக நிற்கும்வரை ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் விலைப்பட்டன.

ஆக்குவோர் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவ்வண்டி தெருவில் ஓடுகின்றது. இந்நிலையில் வண்டியின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி அதனை உடையவரேயாவர். அவர்கள் கூடுமிடத்தெல்லாம் நிகழும் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களையே சுற்றிவரும்: முன்சில்லின் கீழ்மூட்டு, பிறேக், எஞ்சின்.

முதலாவதே உயிரோடு தொடர்புடையது. மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றும் நிலைக்குத்தான ஓர் அச்சாணியிற் பொருத்தப்பட்டுள்ளது. அவ்வாணியின் கீழ்முனையிற் புரி வெட்டப்பட்டு, அது பித்தளை போன்றதோர் உலோகத்தாலான கீழ்மூட்டினுள் திருகப்பட்டிருக்கும். சாரதி ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் இப்புரி மூட்டினுள் சிறிது சுழல்கின்றது. வண்டியைத் தாங்கும் முறுக்குக் கம்பி கீழ்க்கையை நிலத்தை நோக்கி அழுத்துவதால், மூட்டானது ஆணியிலிருந்து கழன்றுவிட எந்நேரமும் முயல்கின்றது. அதனைத் தடுத்து நிற்பது அப்புரி ஒன்றே. கிறீஸ் வற்றி, மணலும் நீரும் உட்புகுந்தால் புரி நாளடைவில் தேய்கின்றது. தேய்ந்து முடிந்த அன்று ஆணி மூட்டை விட்டு வெளியேற, சில்லு மடிந்து, வண்டியின் முன்மூலை தெருவில் விழும். முற்றத்திலே வண்டியைத் திருப்பும்போது இது நிகழின், கெடுவது தகடு மாத்திரமே. பெருந்தெருவில் நிகழின் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

மருந்தோ மிக மலிவானது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுக என்பதே பழகியோர் கூறும் விதி. அதனை வண்டி நிலத்தில் நிற்கும்போது ஏற்றுதல் போதாது; பாரம் தாங்கும் பக்கத்திற் புரிகள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதால் அங்கே கிறீஸ் செல்லாது. சில்லை ஜக்கினால் உயர்த்தியபின் ஏற்றுதலே முறை. உயர்த்திய அவ்வேளையிற் சில்லை மேலுங் கீழும் பற்றி அசைத்துப் பார்த்தால் தேய்வும் புலனாகும். கராச்சில் வேலை செய்வோர் பலர் இவ்விரண்டையுஞ் செய்யாது ஒயிலை மாத்திரம் மாற்றி அனுப்புதல் வருந்தத்தக்கது.

பிறேக்கின் கதை வேறு. அதன் தலைமை உருளை சாரதியின் காலடியில், தளத்தின் கீழே, சட்டத்தினுள் மறைந்து கிடக்கின்றது. அதனைக் கழற்ற முற்பட்டால் முன்சொன்ன முறுக்குக் கம்பியே திருகாணிகளுக்குக் குறுக்கே நிற்கும். எட்டாத பொருள் கவனிக்கப்படாத பொருளாதல் இயல்பு. அன்றியும், நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த் தொகுதியாதலின், ஓரிடத்தில் ஒழுக்கு ஏற்படின் கால்பிறேக் முழுவதும் பயனற்றுப்போம். தொகுதியை இரண்டாகப் பிரிக்கும் உருளையொன்றைப் பொருத்துதல் உடையோர் செய்யும் மாற்றங்களுள் மிக நியாயமானது. பழைமை கெடுகின்றதென இதனை மறுப்போரும் உளர். பழைமை பேணல் நன்றேயாயினும், அதற்காகப் பிள்ளைகளைப் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு ஒற்றைக் குழாயை நம்புதல் அறிவுடைமையன்று.

இனி எஞ்சின். தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர். 1952 முதல் 803. 1956 இல் 948. 1962 இல் 1098. இறுதி மாற்றத்தின்போது ஆக்குவோர் முன்பிறேக் உருளைகளையும் ஏழங்குலத்திலிருந்து எட்டங்குலமாகப் பெருப்பித்தனர். வேகத்தைக் கூட்டுபவன் நிறுத்தும் வலிமையையுங் கூட்டவேண்டுமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இக்காலத்தில் 1275 அளவுள்ள எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்துவோர் பலர். அவருள் ஒருசாரார் பழைய ஏழங்குலப் பிறேக்கையே வைத்துக்கொள்கின்றனர். துருவேறிய தளத்திலே இருக்கைப் பட்டியைப் பூட்டி, அதனைப் பாதுகாப்பென்று எண்ணுவோரும் இவ்வினத்தவரே. மைனருக்குத் தனிச்சட்டம் இல்லை. உடற்றகடே வண்டியின் எலும்புமாகும். ஆதலின் துரு ஈண்டு அழகுக்கேடு மாத்திரமன்று.

1960களிலும் 1970களிலும் இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இத்தகைய வண்டிகளுக்கு நீண்ட ஆயுளைத் தந்தன. புதிது கிடையாதபோது பழையதைச் செப்பனிடுங் கைகள் தேர்ச்சி பெற்றன. 1990களில் மைனரின் பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டமை இத்தேர்ச்சிக்குச் சான்று.

யாழ்ப்பாணத்திலோ தேவை இன்னொரு மாற்றத்தைக் கற்பித்தது. 1990இன் பின் பெற்றோல் வராதொழிந்த ஆண்டுகளில் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே பொன்போற் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபறேற்றரிலே விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்ததே இதற்கு இடந்தந்தது. புதிய வண்டிகள் இடிப்பொலி எழுப்பி முரண்டின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலந்து அதனை நீராக்கும். எனவே ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், மாற்றற்கு ஒயிலோ அரிது. அக்காலத்தில் நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரையும் மருத்துவமனைக்குச் சுமந்த வண்டிகளுட் பல, இவ்வாறு கரும்புகை கக்கிக்கொண்டு சென்றவையே.