இரண்டே நிமிட விமானப் பயணம்: தூரம் மட்டும் நேரத்தைச் சொல்லுமா?

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை இணையத்தில் தேடினால் உடனே விடை கிடைக்கும். ஆனால் தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் பயண நேரம் வந்துவிடாது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஓர்க்னி தீவுகள் இதற்கு நல்ல உதாரணம்.

அங்குள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளின் விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 2.7 கிலோமீற்றர்தான். நமது கட்டுநாயக்க ஓடுபாதையே இதைவிட நீளமானது! 1967 முதல் நடைபெறும் இதுவே உலகின் மிகக் குறுகிய வழமையான பயணிகள் விமான சேவையாகும்.

இங்கு பறக்கும் ஐலண்டர் என்ற சிறிய விமானம் மணிக்கு சுமார் 240 கிலோமீற்றர் வேகத்தில் செல்லக்கூடியது. அக்கணக்கில் 40 செக்கன்கள் போதும். ஆனால் கால அட்டவணையில் இருப்பதோ 2 நிமிடங்கள். விமானம் முழு வேகத்தை எட்டுமுன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. காற்றின் திசைக்கேற்பச் சுற்றி வரவும் நேரிடும். காற்று சாதகமாக அமைந்த ஒரு நாளில் 53 செக்கன்களில் கடந்ததே சாதனை.

இது வெறும் வேடிக்கையல்ல. பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவு. ஆசிரியர்களும் வைத்தியர்களும் நோயாளிகளும் இவ்விமானத்தில் வந்து போகிறார்கள். இலாபம் மட்டும் பார்த்தால் இச்சேவை நிலைக்காது. உள்ளூராட்சி சபை நிதியுதவி வழங்குவதால்தான் அது தொடர்கிறது.

ஒதுக்குப்புறத் தீவில் வாழ்பவருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது பெரிதல்ல. நாளை விமானம் வருமா என்பதே கேள்வி.