மணி அடித்ததும் எத்தனை இருக்கை வேண்டும்?

"நாமதான் பஸ்ஸுக்காகக் காத்துக் கெடக்கோம். பஸ் நமக்காகக் காத்து நின்னா என்ன சார்?" கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்வி இது. இதைக் கணக்கு, சமூக அறிவியல் இரண்டுக்கும் பொதுவான பாடமாக்கிக் கொள்ளலாம்.

அப்படி நிற்கும் வண்டிகள் உலகில் உண்டு. தனிநபர் விரைவுப் போக்குவரத்து என்பது அதன் பெயர். ஓட்டுநர் இல்லாத சிறு வண்டி, தனக்கென அமைத்த தடத்தில் ஓடும். ஏறுபவர் போகுமிடத்தைத் தெரிவித்தால் இடையில் எங்கும் நிற்காமல் அங்கே போய்ச் சேரும். நிலையங்கள் கிளைத் தடத்தில் இருப்பதால் பின்னால் வரும் வண்டிக்கு இடைஞ்சல் இல்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2011 முதல் நால்வர் அமரும் இத்தகைய வண்டிகள் ஓடுகின்றன.

கேட்டதும் பிள்ளைகளுக்கு வாயெல்லாம் பல். உடனே கணக்கைக் கொடுங்கள். மாலை மணி அடிக்கிறது. 240 பேர் வெளியே வருகிறார்கள். நால்வர் வண்டி என்றால் 60 வேண்டும். 60 பேர் ஏறும் பேருந்து என்றால் நான்கு போதும். சரி, பகல் 11 மணிக்கு அந்த 60 வண்டிகளும் என்ன செய்யும்? அதே 11 மணிக்கு ஆறே பேரோடு ஊர் ஊராக நின்று போகும் பேருந்தின் டீசல் செலவு யார் தலையில்? இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மார்கன்டவுனில், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்கள் பயன்படுத்தும் அமைப்பு 1975இல் தொடங்கியது. ஐந்து நிலையங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் வண்டி வரும். வகுப்பு மாறும் நெரிசலில் அதே வண்டிகள் குறித்த தடத்தில், குறித்த நேரத்தில் ஓடும். மணி அடித்ததும் அதுவும் டவுன் பஸ்தான்!

நம் கரிசல் காட்டில் ஊருக்கு ஊர் தூரம் அதிகம், ஏறும் ஆள் குறைவு. தனித் தடம் கட்டுவது இங்கே நடக்கிற காரியமல்ல. பெரிய பேருந்து போகாத ஊர்களுக்காக 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது. ஷேர் ஆட்டோ உண்டு. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், இலவசப் பயண அட்டையும் செல்லாது. பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள்தான் நம் பிள்ளைகளின் தனிநபர் வாகனம். ஐப்பசி மழையில் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் அதையும் தோளில் சுமந்துதான் வர வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு முடிவது 5.30க்கு. ஒரு தடத்தில் 4.40க்குப் போகும் பேருந்தை விட்டால் அடுத்தது 7.15. பெண் பிள்ளைகள் 4.30க்கே பையைத் தூக்கிவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பினர் ஊர்வாரியாக, நேரவாரியாகக் கணக்கெடுத்ததில் அந்தத் தடத்தில் மட்டும் 23 பேர். ஆறு சிறு வண்டிக்கான கூட்டம், அல்லது ஒரு பேருந்தின் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினால் தீரும் கூட்டம். அட்டவணையோடு பணிமனைக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை அவர்களுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு காலை 8.30க்கு, காலைப் பேருந்து 8.15க்கே வந்துவிடுகிறது.