பன்றிக்கு ஊசி போட்டால் நமக்குப் போதுமா?



தோட்டத்தில் பிறந்து, இன்று சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் குடியிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்மில் பலருக்கு உண்டு. “இங்கே பன்றிப் பண்ணையே கிடையாது. பன்றிக் காய்ச்சல் எப்படி வரும்? பன்றிக்கே ஊசி போட்டுட்டா தொல்லை விட்டதுதானே?” என்று அவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்.

பன்றிப் பண்ணைகளை மூடுவதென்று சிங்கப்பூர் 1984இல் முடிவு செய்தது. 1990 வாக்கில் மூடியும் ஆயிற்று. ஆனாலும் 2009 மே மாதக் கடைசியில் அங்கே பன்றிக் காய்ச்சல் வந்தது. கொண்டு வந்தது பன்றியல்ல. அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த பயணி! பன்றியிடம் உருவான கிருமி மனிதனைப் பிடித்த பிறகு, இருமலிலும் தும்மலிலும் ஆளுக்கு ஆள் தாவியது.

பறவையின் சளிக்காய்ச்சல் கிருமி, மனிதனின் கிருமி இரண்டுமே பன்றியின் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் புகுந்தால், கலந்து புதுக் கிருமி பிறக்கலாம். ஆபத்து அங்கேதான்.

பன்றிக்குத் தடுப்பூசி உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் ஊசி என்பது சாவி மாதிரி. பூட்டு மாறினால் திறக்காது. பன்றிகளிடம் கிருமி வகைகள் பல, அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. பொருந்தாத ஊசி போட்ட பன்றிகளுக்கு நோய் இன்னும் கடுமையானதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தாய்ப்பன்றிக்குப் போட்ட ஊசியின் பலன் பால் வழியே குட்டிக்குப் போகும். ஆனால் அந்தப் பலன் இருக்கும்வரை குட்டிக்குப் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. ஆகவேதான் விஞ்ஞானிகள் பல வகைக்கும் பொருந்தும் ஊசியைத் தேடுகிறார்கள்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:

பன்றிக் கொட்டகை வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க. காய்ச்சலோடு கொட்டகைக்குப் போகாதீங்க. நம்மிடமிருந்தும் பன்றிக்குக் கிருமி போகும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் நீரிழிவுக்காரர்களும் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்க. பன்றியோடு வேலை செய்வதை மறைக்காமல் சொல்லுங்க. நன்றாக வெந்த இறைச்சியால் இந்நோய் வராது.

“ஒருநாள் சம்பளம் போயிடுமே” என்று காய்ச்சலோடு பிரட்டுக்குப் போகாதீர்கள். மருத்துவர் தரும் எம்.சி. உங்கள் உரிமை. நீங்கள் வீட்டில் படுத்தால், பக்கத்து நிரையில் வேலை செய்யும் தோழனும் பிழைப்பான்!