மக்மேன் முறை (கோ விளையாட்டு)

மக்மேன் முறை என்பது கோ பலகை விளையாட்டுச் சுற்றுப்போட்டிகளில் ஆட்டக்காரர்களை இணை சேர்க்கும் முறைகளுள் ஒன்றாகும். ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கணினியியலாளர் லீ மக்மேன், பாப் ரைடருடன் இணைந்து இதனை உருவாக்கினார். யுனிக்சின் செட் நிரலை எழுதியவரும் இவரே. ஐரோப்பாவில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

சிறிய ஊர்ப் போட்டிகளுக்கு வருவோரிடையே திறன் வேறுபாடு மிகுதி. அனைவரும் சுழியத்தில் தொடங்கும் சுவிசு முறையில் முதற்சுற்று ஆட்டங்கள் பல ஒருதலையாக முடிந்துவிடுகின்றன. மக்மேன் முறையில் ஒவ்வொருவரும் தமது தரத்துக்கேற்ற புள்ளியுடன் தொடங்குவர். 2 கியூ தரத்தவரை விட 1 கியூ தரத்தவருக்கு 1 புள்ளி கூடுதல். ஒவ்வொரு வெற்றிக்கும் 1 புள்ளி சேரும். ஒத்த புள்ளியினர் தம்முள் மோதுவதால் முதல் ஆட்டமே சம வலிமையுள்ளவருடன் அமைகிறது. ஏற்றத்தாழ்வான இணை தவிர்க்கவியலாதபோது வலுக்குறைந்தவருக்குச் சலுகைக் கற்கள் அளிக்கப்படலாம்.

ஒரு குறிப்பிட்ட தரமும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் ஒரே புள்ளியில் தொடங்குவர். இவ்வெல்லைக்கோட்டை எங்கு வைப்பது என்பதே அமைப்பாளரின் கடினமான முடிவு. கோடு 1 டானில் இருப்பின், 3 சுற்றுப் போட்டியில் 3 கியூ ஆட்டக்காரர் மூன்றையும் வென்றாலும் மேற்குழுவினர் தொடங்கிய புள்ளியையே எட்டுவார். பட்டம் அவருக்குக் கிட்டாது. மாறாக, கோட்டைத் தாழ்த்தி மேற்குழுவில் 8 பேருக்கு மேல் சேர்த்தால், தோல்வி காணாதோர் ஒருவருக்கு மேல் எஞ்சக்கூடும். பிரித்தானியப் போட்டிகளில், தரம் எதுவாயினும் எல்லா ஆட்டங்களையும் வென்றவருக்குப் பரிசளிக்கும் வழக்கம் உண்டு.