பைப் புகையிலையின் விலை

பைப் புகையிலைக் கலவைகளை ஒப்பிடுவோர் டப்பாவின் விலையையே நோக்குகின்றனர். 50 கிராம் டப்பாவாயினும் உதிரிச் சரக்காயினும், கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிடுதல் வேண்டும். ஈரத்தையும் கவனித்தல் நலம். பிரிட்டனில் தீர்வை எடைக்கே விதிக்கப்படுவதால், இலையிலுள்ள நீரும் வரி கட்டுகிறது!

இலைக்கு இலை உழைப்பும் வேறு. வர்ஜீனியா இலை வெப்ப அறையில் சுமார் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். பர்லிக்குக் காற்றாட வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துச் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் விளையும் பெரிக் இலையையோ பீப்பாயில் திணித்து, திருகால் அழுத்தி, இடையிடையே எடுத்துப் பிரித்து ஆறவிட்டு, மீண்டும் அடைத்து, ஓராண்டு அளவுக்குப் புளிக்க வைக்கின்றனர். பயிரிடும் நாம் இக்கூலியை எளிதில் உணர்வோம். காரம் மிகுந்த அவ்விலையைக் குழம்புக்கு மிளகுபோலச் சிறிதளவே சேர்ப்பர். ஆதலால் ‘பெரிக் கலந்தது’ என்ற சீட்டைக் கண்டு கூடுதல் விலை கொடுக்குமுன், எவ்வளவு கலந்தது என்று கேட்பதே முறை.