கரையில் இருந்தபடியே ஒரு கடற்பயணம்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர்)

வல்லத்திராக்கோட்டைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்தான். அதுவும் ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்தால்தான் உண்டு. நம்ம மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கடற்கரை இருந்தும், பாய் கட்டிய படகில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் பாய்மரப் படகில் உலகம் சுற்றியவர்களின் வீடியோக்களைக் கைப்பேசியில் பார்ப்பதில் எனக்கு அலாதி ஆசை.

வெறும் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். படகு எப்படி ஓடுகிறது என்று தெரிந்து பார்த்தால்தான் ருசி. அதில் டிப்ளமோ படிக்கிற நமக்கு ஒரு வசதி. பாதிப் பாடம் நம்ம புத்தகத்திலேயே இருக்கிறது!

காற்று எதிரே அடித்தால் படகு எப்படிப் போகும்? நேர் எதிராகப் போகவே முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாகத்தான் போகும். பாய் விமான இறக்கை மாதிரி வளைந்து நிற்பதால் அதன் இரு பக்கமும் காற்றழுத்தம் வேறுபடுகிறது. அதனால் கிடைக்கும் விசை பெரும்பாலும் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னோக்கி. படகின் அடியில் கனமாகத் தொங்கும் கீல் பக்கவாட்டு நகர்வைத் தடுத்துவிடும். மிச்சம் இருப்பது முன்னோக்கிய விசைதான். முதலாமாண்டில் விசையைக் கூறுகளாகப் பிரித்தோமே, அதே கணக்கு! இப்படி வலமும் இடமும் மாறி மாறி வளைந்து போய்த்தான் காற்றை ஜெயிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தமான பாகம் விண்ட்வேன். தனி ஆள் தூங்கும்போது படகை யார் ஓட்டுவது? பின்பக்கம் ஒரு தகடு காற்றின் திசைக்கு வைக்கப்பட்டிருக்கும். படகு வழி விலகினால் காற்று அந்தத் தகட்டைச் சாய்க்கும். அது தண்ணீருக்குள் இருக்கும் ஒரு துடுப்பைத் திருப்பும். ஓடும் தண்ணீர் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, அதில் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுத்துப் படகைப் பழைய வழிக்கே கொண்டுவரும். மின்சாரம் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தப்பைக் கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக் இதுதான்.

இந்தச் சின்ன எந்திரம் எவ்வளவு முக்கியம் என்பதை அபிலாஷ் டோமியின் கதை சொல்லும். அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த இவர் 2012 நவம்பர் 1-ல் மும்பையில் கிளம்பி, 'மாதேய்' படகில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். பிறகு 2018-ல் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். ஜி.பி.எஸ். கூடாது, சூரியனைப் பார்த்துக் கோணம் அளந்துதான் இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற பந்தயம். (சிவில் நண்பர்களே, அந்த செக்ஸ்டன்ட் உங்க தியோடலைட்டுக்கு அண்ணன் முறை!) செப்டம்பர் 21-ல் இந்துமாக் கடலில் புயல். பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பும் உடைந்தது. மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. நமக்குப் பயமாக இருந்தால் வீடியோவை நிறுத்திவிடலாம். அவரால் எதை நிறுத்த முடியும்?

மனுஷன் அத்தோடு விடவில்லை. முதுகில் டைட்டானியம் தண்டுகளோடு 2022 செப்டம்பரில் அதே பந்தயத்துக்குப் போனார். வழியில் விண்ட்வேன் துடுப்பு பழுதாகவே, படகின் கழிவறைக் கதவையே அறுத்துத் துடுப்பாக்கினார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஹாக்ஸா பிளேடு மொட்டை என்று அலுத்துக்கொள்கிறோமே! 236 நாள் கழித்து 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண்மணி.

பெண்கள் என்றதும் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோடு தில்னாவோடு சேர்ந்து 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து 'தாரிணி' படகில் புறப்பட்டார். 17 மீட்டர் படகு, ரெண்டே பேர். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஃபாக்லாந்து தீவு, தென்னாப்பிரிக்கா என்று நான்கு இடத்தில் மட்டும் நின்றார்கள். வழியில் 50 நாட் காற்று, அதாவது மணிக்கு 92 கிலோமீட்டருக்கும் மேல்! 7 மீட்டர் அலை வேறு.

விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தில், செய்தி வரும்போதெல்லாம் அவர்கள் இருக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். 2025 ஜனவரி 30-ல் நீமோ முனை. எந்தப் பக்கம் போனாலும் நிலத்துக்கு 2,688 கிலோமீட்டர். மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வந்தால், அதில் இருப்பவர்கள்தான் கிட்டத்து மனிதர்கள்! அந்தப் புள்ளியை வைத்த அன்று எதிர் அறைக்காரன் வந்து, "அந்த அக்காவுக்கு அங்கே சோறு தண்ணிக்கு என்னடா வழி?" என்று கேட்டான். பிப்ரவரியில் ஹார்ன் முனை தாண்டியபோது படத்தைச் சுற்றி ஆறு பேர் நின்றோம். மே 29-ல் 'தாரிணி' கோவா திரும்பியது.