எடைக்கு ஸ்பிரிங், சாலைக்கு ஷாக்

1665 மே 1 அன்று, லண்டனுக்குத் தென்கிழக்கே பிளாக்ஹீத் பக்கம் கர்னல் பிளவுன்ட் என்பவரின் வீட்டில் ஒரு சோதனை நடந்தது. அக்காலக் குதிரை வண்டிகள் உள்ளே இருப்பவரை உலுக்கி எடுக்கும். அந்த உலுக்கலைக் குறைக்க வழி உண்டா என்று பார்ப்பதற்காக ராயல் சொசைட்டியைச் சேர்ந்த சிலர் அங்கே கூடி, பல வண்டிகளில் மாறி மாறி ஏறிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று மிகவும் சுகமாக ஓடியதென்றும், அதன் கூண்டு முழுவதும் ஒரே நீண்ட ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருந்ததென்றும் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்று அவருடன் போனவர்களில் ராபர்ட் ஹூக்கும் ஒருவர். ஸ்பிரிங்கின் மேல் எவ்வளவு விசை கூடுகிறதோ அதே விகிதத்தில் அது வளையும் என்ற விதியை ஹூக் விளக்கி வெளியிட்டது 1678-இல். 1804-இல் லண்டன் லாம்பெத்தில் வண்டி செய்துகொண்டிருந்த ஒபதையா எலியட், எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். இன்று லண்டன் தெருக்களில் ஓடும் இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர் பிக்அப்களின் பின் ஆக்ஸிலைத் தாங்குவதும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்தான். 350 ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்தில் தெளிவான அந்த விதியை, பிக்அப்பின் சஸ்பென்ஷனை மேம்படுத்தக் கிளம்பும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சாலை மோசம், ஆகவே கெட்டியான ஸ்பிரிங் வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். வண்டி சுமக்கும் எடையை வைத்தே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாலையின் கரடுமுரடு ஷாக் அப்சார்பரும் டயரும் பார்க்க வேண்டிய வேலை.

லண்டன் சாலைகள் உண்மையிலேயே மோசம்தான். நகரத்தின் பெரும்பகுதி லண்டன் களிமண்ணின் மேல் நிற்கிறது. வறண்ட கோடையில் அந்தக் களிமண் சுருங்குகிறது, மழைக்காலத்தில் உப்புகிறது. மரங்கள் வரிசையாக நிற்கும் தெருக்களில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சுவதால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். தண்ணீர், எரிவாயு, மின்சாரம், இணையக் கேபிள் என்று ஒருவர் பின் ஒருவராகத் தோண்டி மூடிய ஒட்டுகள் காலப்போக்கில் தனித்தனியாக அமிழ்கின்றன. குளிர்காலத்தில் விரிசலுக்குள் இறங்கும் நீர் உறைந்து உருகி, சக்கரங்களின் அழுத்தத்தில் பிதுங்கி, குழியைப் பெரிதாக்குகிறது. போதாததற்கு வேகத்தடைகள். கட்டட வேலை செய்பவர், மரம் வெட்டுபவர், தோட்டம் போடுபவர், குழாய் பதிப்பவர் எல்லாரும் நாள்தோறும் பிக்அப்பில் போவது இந்தச் சாலைகளில்தான்.

வண்டியின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் விநாடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதுதான் இங்கே மைய எண். ஸ்பிரிங்கின் விறைப்பை அது தாங்கும் எடையால் வகுத்தால் வருவதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் இந்த எண் மாறும். பயணிகள் காரில் இது 1-க்கும் 1.5-க்கும் இடையே இருக்கும். மனித உடலை மிக அதிகம் வருத்துவது விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் செங்குத்து அதிர்வு. ஆகவே அந்த வட்டாரத்திலிருந்து கீழே விலகி நிற்க நிற்கப் பயணம் சுகம். காரில் நான்கு பேர் ஏறினாலும் எடை பெரிதாக மாறுவதில்லை. பிக்அப்பில் அப்படியில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். வெறும் வண்டியில் பின் ஸ்பிரிங்குகள் 700 கிலோ தாங்குகின்றன என்றும், முழுச் சுமையில் 1,600 கிலோ தாங்குகின்றன என்றும் கொள்வோம். முழுச் சுமையில் விநாடிக்கு 1.5 ஆட்டம் இருக்கும்படி ஸ்பிரிங்கை அமைத்தால், அதே ஸ்பிரிங் வெறும் வண்டியில் 2.3 தடவை ஆடும். வேலை முடிந்து காலியாக வீடு திரும்பும் பிக்அப் பின்புறம் துள்ளுவதற்குக் காரணம் இதுதான். ஸ்பிரிங் அங்கே வராத சுமைக்காகக் காத்திருக்கிறது.

ஸ்பிரிங் அப்படிக் காத்திருப்பதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். பிரிட்டனில் இரட்டை வரிசை இருக்கை கொண்ட பிக்அப், வரித்துறையின் கண்ணில் கார் ஆகாமல் வேன் ஆக வேண்டுமென்றால் குறைந்தது ஒரு டன் சுமக்கும் திறன் அதற்கு இருக்க வேண்டும் என்ற விதி நீண்ட காலமாக இருந்தது. பின்தொட்டிக்குக் கெட்டி மூடி போட்டால் அதற்கென்று 45 கிலோவைத் திறனிலிருந்து கழிக்கும் அளவுக்கு அந்தக் கணக்கு நுணுக்கமானது. நிறுவனம் கொடுக்கும் வண்டிக்கான வருமான வரியில் 2025 ஏப்ரலிலிருந்து இந்த வண்டிகள் கார்களாகவே கருதப்படுகின்றன. ஆனால் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு டன் விதி அப்படியே இருக்கிறது. இதன் விளைவு என்னவென்றால், கருவிப்பெட்டியும் ஏணியும் மட்டும் ஏற்றிச் செல்லும் ஒருவரும், ஒரு டன் சிமென்ட் மூட்டைக்கென்று வளைக்கப்பட்ட பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறார். மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம் ஃபோர்டின் ரேஞ்சர் ராப்டர். கரடுமுரடான தரையில் வேகமாக ஓடுவதற்காக அதன் பின்புறப் பட்டைகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கும் நீண்ட ஷாக்குகளும் வைத்தார்கள். அதன் சுமைத் திறன் 600-க்கும் 700-க்கும் இடைப்பட்ட கிலோவுக்கு இறங்கியது, வரித்துறைக்கு அது கார் ஆனது. கரடான பாதையில் நன்றாக ஓடுவதற்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து வடிவமைத்தபோது சுமையை விட்டுக்கொடுத்து ஸ்பிரிங்கை இளக்கினார்கள் என்பதை, கெட்டி ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இப்போது நம் கணக்கு வண்டிக்கு இன்னும் ஒரு பட்டையை ஏற்றி, விறைப்பை 30 சதவீதம் கூட்டிப் பார்ப்போம். 900 கிலோ ஏற்றும்போது முன்பு 62 மில்லிமீட்டர் அமிழ்ந்த வண்டி இப்போது 48 மில்லிமீட்டர் அமிழும். கிடைத்த லாபம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குக் கொடுத்த விலை, காலி வண்டியின் ஆட்டம் 2.3-லிருந்து 2.6-க்கு ஏறியது. அதைவிட முக்கியமான இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஸ்பிரிங் விழுங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை வெப்பமாக்கி அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் பலத்தை எப்போதும் ஸ்பிரிங்கோடும் எடையோடும் சேர்த்தே அளக்கிறார்கள். ஸ்பிரிங் விறைக்க விறைக்க அதே ஷாக் ஒப்பீட்டில் பலவீனமாகிறது. ஆட்டத்தை ஒரே மூச்சில் நிறுத்தத் தேவையான முழு அளவில் 25 சதவீதம் தந்துகொண்டிருந்த ஷாக், புதுப் பட்டை ஏறியதும் 22 சதவீதம்தான் தரும். பல ஆண்டுகள் ஓடிப் பாதி பலம் இழந்த ஷாக் என்றால் 11. கனரக லாரிகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது. சாலையைச் சேதப்படுத்தாத சஸ்பென்ஷன் என்று ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் முழுச் சுமையில் ஆட்டம் விநாடிக்கு 2-ஐத் தாண்டக் கூடாது, அடக்கம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் 1992-இல் வகுத்தது. பிக்அப்பை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் எந்த எண் நல்லது என்று லாரிப் பொறியாளர்கள் கண்டுவைத்திருப்பது நமக்கும் உதவும். தேய்ந்த ஷாக்கை மாற்றாமல் பட்டையை மட்டும் ஏற்றுகிறவர், மேம்பாடு என்ற பெயரில் அந்த வரம்புக்குக் கீழே இறங்குகிறார்.

வேகத்தடை இதே கதையை வேறு கோணத்தில் சொல்கிறது. லண்டனுக்கு மேற்கே கிரோதோர்னில் இருந்த அரசு சாலை ஆய்வுக்கூடம் 1970-களில் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. 1999-இன் விதிகள் உயரத்தை 25-க்கும் 100 மில்லிமீட்டருக்கும் இடையே வைக்கச் சொல்கின்றன. மணிக்கு 20 மைல் என்ற வேக வரம்பு இப்போது லண்டனில் பரவலாகிவிட்டது. நெரிசல் கட்டண வட்டத்துக்குள் இருக்கும் தன் சாலைகளில் லண்டன் போக்குவரத்துக் கழகம் அதை 2020 மார்ச்சில் கொண்டுவந்தது. அந்த வேகத்தில் ஒரு சக்கரம் 3.7 மீட்டர் மேட்டை 0.41 விநாடியில் கடக்கிறது. நம் காலி வண்டியின் பின்புறம் ஒரு முழு ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 0.44 விநாடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போதுதான் மேடு உடலை மிக அதிகமாகத் தூக்கி எறிகிறது. ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக்கினால் இந்தப் பொருத்தத்திலிருந்து விலகிவிடுமே என்று கேட்கலாம். 2.6-இல் நேரம் 0.38 விநாடி; இன்னும் அதே வட்டாரம்தான், உதை மட்டும் கூர்மையாகிறது. அந்த நிலையில் உதவுவது, உடல் மேலெழும்போது அதைப் பிடித்து இறக்கும் ஷாக்.

குழியின் கதை வேறு. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழியை 20 மைல் வேகத்தில் சக்கரம் தாண்ட எடுக்கும் நேரம் விநாடியில் 30-இல் ஒரு பங்கு. பிக்அப்பின் கனமான பின் ஆக்ஸில் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே தனியாக விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை துடிக்கக் கூடியது. குழியின் விளிம்பில் அது மோதும்போது முதல் அடியை வாங்குவது டயரின் பக்கச்சுவர். அதனால் அழகுக்காகப் பெரிய ரிம்மும் ஒல்லி டயரும் மாட்டுவது லண்டனில் மிகத் தவறான செலவு. அதிகக் காற்றும் அப்படியே. முழுச் சுமைக்கு வேறு, காலி வண்டிக்கு வேறு என்று தயாரிப்பாளர்கள் காற்றழுத்தத்தைக் குறிப்பிட்டிருந்தால் அதைக் கடைப்பிடிப்பதற்குக் காசு வேண்டாம். சுமைக்கான அழுத்தத்தையே ஆண்டு முழுவதும் வைத்திருப்பவர், முதல் அடியை வாங்கும் டயரைத் தம் கையால் கல்லாக்குகிறார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று உண்டு. சுமை ஏறிய வண்டி பெரிய குழியில் இறங்கும்போது ஆக்ஸில் தன் மேல்நோக்கிய அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்புக் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது, அந்த இடி சேஸிஸை நேராக அடிக்கிறது, அதைத் தடுக்கக் கெட்டி ஸ்பிரிங் வேண்டாமா? வேண்டும், அந்தச் சுமை நிரந்தரமாக வண்டியில் இருந்தால். கருவி அலமாரி, சிறு கிரேன், தண்ணீர்த் தொட்டி என்று 300 கிலோ எப்போதும் இறங்காமல் இருந்தால் அது சுமை என்ற கணக்கில் வராது, வண்டியின் சொந்த எடையாகிவிட்டது. அதற்கேற்ற பட்டை போடுவதுதான் சரி. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் சஸ்பென்ஷன் கிட்டுகளில் நிலையான கூடுதல் எடையை வைத்து ஸ்பிரிங்குகளைப் பிரித்திருப்பதும் இதனால்தான். சுமை வருவதும் போவதுமாக இருப்பவருக்கு, ஏறும்போது மட்டும் வேலைக்கு வரும் உதவிப் பட்டையோ, காற்றை ஏற்றி இறக்கக்கூடிய ஏர் பேக்கோ பொருந்தும். ஆனால் ஏர் பேக் வண்டியை நிமிர்த்துவதால் அதன் சட்டப்பூர்வ எடை வரம்பு ஒரு கிலோகூட உயர்வதில்லை. பின் நிமிர்ந்து நிற்பதால் அதிகச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போவது அதன் ஆபத்து. ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் பாரமும் சேர்ந்தால், பேக் தள்ளும் இடத்தில் சேஸிஸ் வளையவும் கூடும்.

வண்டியை உயர்த்தும் கிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழு ஆக்ஸில் உள்ள பிக்அப்பில் தரைக்கு மிக அருகே இருப்பது டிஃபரென்ஷியல். உடலை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஆக்ஸிலோடு கீழேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும். ஈர்ப்பு மையம் மேலே போவதால் வளைவுகளில் வண்டி அதிகம் சாயும். பழைய பிக்அப்களில் பின் ஆக்ஸிலுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து எடையை ஊகித்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினாலோ கெட்டியாக்கினாலோ, சுமை இருக்கும்போதே இல்லை என்று நினைத்து அது பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். அந்த வால்வைத் திரும்பச் சரிசெய்யாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது.

ஷாக் வாங்கும்போதும் எந்தச் சாலைக்கு என்ற கேள்வியை விடக் கூடாது. தனி எண்ணெய்த் தொட்டி வைத்த விலையுயர்ந்த ஷாக்குகள், மணிக்கணக்கில் அலையலையான மண் பாதையில் ஓடிச் சூடேறும் வண்டிகளுக்காகப் பிறந்தவை. லண்டனில் அடிகள் தனித்தனியாக, மெதுவான வேகத்தில் வருகின்றன. ஷாக் அந்த அளவுக்குக் கொதிப்பதில்லை. வண்டியின் உண்மையான எடைக்குப் பொருந்தும் தரமான சாதாரண ஷாக்குகள் நான்கு, அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கே கிடைக்கும். அந்த உண்மையான எடையை அறிய, வழக்கமான கருவிகளோடும் ஆட்களோடும் எடைமேடைக்குப் போய் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை போட வேண்டும். காலியாக ஒரு முறை, மிக அதிகச் சுமை ஏறும் நாளில் இன்னொரு முறை. அந்த எண்களைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்க முன்வரும் கடையை விட்டு வேறு கடைக்குப் போகலாம். மாற்றம் செய்தபின் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.